கெர்வலான் துரையின் வெற்றிகள்

மாடி எங்கயும் ஓடிப் போகாது தம்பி, சாவி என் இடுப்புலதான் இருக்கு. முதல்ல உட்காருங்க. அந்த நாற்காலி வேணாம், ஒரு கால் ஆடும். இதுல உட்காருங்க. இப்போ நேரா பாருங்க, சுவத்துல.

யாருன்னு தெரியுதா? தெரியாது. பேங்க்ல வேலை பார்க்கிற பிள்ளைங்களுக்கு எப்படித் தெரியும்? ஜெனரால் ஒனொரே கெர்வலான். ஜெனரல் இல்ல, ஜெனரால். வாயை நல்லாத் திறந்து சொல்லணும். இந்த வீட்டுக்குக் குடி வர்றவங்க அந்தப் படத்துக்குக் கீழ செருப்பு விடக் கூடாது, அது ஒண்ணுதான் என் கண்டிஷன். முன்னாடி இருந்த வாத்தியார் அந்த ஆணியில குடையை மாட்டினார். காலி பண்ணச் சொல்லிட்டேன்.

இதையெல்லாம் எதுக்கு இப்பவே சொல்றேன்னா, பின்கட்டுல என் தங்கச்சி இருக்கா. பெர்னதேத்து. நடுவுல ஒரு சுவர் தெரியுது பாருங்க, அது அவ எழுப்பினது. தண்ணிக் குழாய் அவ பக்கம் போயிடுச்சு. உங்க வீட்டம்மா தண்ணி பிடிக்கப் போனா நல்லாத்தான் பேசுவா, காப்பிகூடக் குடுப்பா. என்கூட மட்டும்தான் பேச மாட்டா. ஜெனராலைப் பத்தி அவகிட்ட ஒரு கதை இருக்கு. அது உங்க காதுல விழுறதுக்கு முன்னாடி உண்மையை என்கிட்ட கேட்டுக்கிறது நல்லது. அதுக்குத்தான்.

நான் மிக்கேல் ஞானாதிக்கம். இந்தத் தெருவுல பாதிப் பேர் பிரெஞ்சு பட்டாளத்துல இருந்த சொல்தாதான். ஆனா நான் சாதா சொல்தா இல்ல. ஜெனராலோட சொந்த ஆள். அவருக்குச் சமையல், அவர் பூட்சு, அவர் உடுப்பு, அவர் வெந்நீர் எல்லாம் என் பொறுப்பு. சைகோன்ல அவர் முன்னாடி கொண்டுபோய் நிறுத்தினப்போ பேர் என்னன்னு கேட்டார். மிக்கேல் ஞானாதிக்கம்னேன். கொஞ்சம் யோசிச்சார். "ழோசெப்"னார். அன்னையிலிருந்து ழோசெப்தான். எனக்கு முன்னாடி இருந்தவனும் ழோசெப்தானாம். அது ஒரு அன்பு தம்பி. எல்லாரையும் அப்படிக் கூப்பிட மாட்டார்.

அவர் வாழ்க்கை முழுக்க எனக்கு மனப்பாடம். குளிக்கும்போது அவரே சொன்னது. பிரான்சுல பிரித்தாஞ் பக்கம் கடற்கரை ஊர்ல பிறந்தவர். அப்பா மத்தி மீனை டப்பாவுல அடைக்கிற கம்பெனி வச்சிருந்தார். அதை வெளியில சொன்னா பிடிக்காது. "கடலை ஆண்ட குடும்பம்"னுதான் சொல்லணும். சின்ன வயசிலேயே ஆப்பிரிக்காவுக்கு அனுப்பிட்டாங்க. அங்க பாலைவனத்துல ஒரு கிராமத்தைச் சுத்தி வளைச்சு, பீரங்கியால அடிச்சுப் பிடிச்சார். உள்ள போய்ப் பார்த்தா எதிரின்னு ஒருத்தனும் இல்ல. ஆம்பிளைங்க எல்லாம் சந்தைக்குப் போயிருந்தாங்களாம். பொம்பளைங்களும் பிள்ளைங்களும்தான். நான் கேட்டேன், "அப்போ யார்கூட சண்டை போட்டீங்க, மோன் ஜெனரால்?" சோப்பு நுரைக்குள்ளருந்து ஒரு விரலைத் தூக்கிக் காட்டினார். "எதிரிக்கே தெரியாம அவனைத் தோற்கடிக்கிறது, ழோசெப். அதுதான் கலை." அதுக்கு முதல் மெடல்.

பிறகு ஜெர்மன்காரன் பிரான்சைப் பிடிச்சானில்ல, அப்போ ஜெனரால் ஆப்பிரிக்கா கரையில ஒரு கோட்டைக்கு அதிகாரி. எந்தப் பக்கம் சேர்றதுன்னு எல்லாரும் அவசரப்பட்டாங்க. இவர் அவசரப்படலை. வருஷக்கணக்கா உட்கார்ந்து யோசிச்சார். யார் ஜெயிக்கப் போறாங்கன்னு சந்தேகமில்லாம தெரிஞ்ச பிறகு, அவங்க பக்கம் போய் நெஞ்சை நிமிர்த்தி நின்னார். அதுக்கும் ஒரு மெடல். நிதானம்னா அது நிதானம்.

இந்தோசீனாவுக்கு வந்தப்போ கர்னல். ஆத்தோரம் ஒரு டவுனை நாங்க காலி பண்ணினோம். பின்வாங்கல்னு சிலபேர் சொல்வாங்க. பின்கட்டுல இருக்கிறவங்க சொல்வாங்க. பின்வாங்கலே கிடையாது. "படையை அதற்கு உகந்த இடத்துக்கு அழைத்து வந்தேன்"னு ஜெனரால் ரேடியோவுல பேசினார். பாரிசுல கேட்டவங்களுக்கு ரொம்பப் பிடிச்சுப்போச்சு. ஜெனரால் ஆக்கிட்டாங்க. பிரெஞ்சுப் பட்டாளத்துல ஜெனரால்னா எடுத்த எடுப்புலயே ரெண்டு நட்சத்திரம். நான்தான் தைச்சேன்.

அதுக்குப் பிறகுதான் பான் லியூ. சீன எல்லைப் பக்கம், மலைக்கு நடுவுல ஒரு கோட்டை. அங்க போறதுக்கு ஆட்டுப் பாதை மாதிரி ஒரு பாதை. சண்டை போடப் போறோம், ஆனா நாகரிகத்தை விட்டுட முடியுமா? ஜெனராலோட குளியல் தொட்டியும் கூட வந்தது. இரும்புத் தொட்டி, உள்ள வெள்ளை எனாமல், சிங்கத்தோட பாதம் மாதிரி நாலு கால். ஒரு டஜன் கூலிங்க மூங்கில் கட்டித் தூக்கினாங்க. வழியில ஒரு பீரங்கி உருண்டு பள்ளத்துல விழுந்துடுச்சு. தொட்டியில ஒரு கீறல் இல்ல! அந்தக் கூலிங்களுக்கு முன்னாடி ஓடி ஓடிக் கல்லைப் பொறுக்கினது நான்.

தங்கச்சி வீட்டுக்காரர் தனிஸ்லாசும் பான் லியூலதான் இருந்தான். ரேடியோ சார்ஜென்ட். பெர்னதேத்தைக் கட்டிக்கிட்டு, லீவு முடிஞ்சு கப்பலேறி வந்தவன். அவ வயித்துல பிள்ளைன்னு தந்தி அங்கதான் வந்தது. நல்ல பையன், புத்திசாலி. ஆனா பெரியவங்களைப் புரிஞ்சுக்கிற பக்குவம் கிடையாது. ஒல்லிக்குச்சி மாதிரி இருப்பான், வாய் மட்டும் பெருசு.

ஜெனராலுக்கு வெந்நீர்லதான் மூளை ஓடும். காலையில தொட்டியில இறங்கினா தண்ணி ஆறுற வரைக்கும் எழுந்திருக்க மாட்டார். நடுவுல நான் ரெண்டு தடவை சூடு ஊத்துவேன். தட்டிக்கு வெளிய தனிஸ்லாஸ் காகிதத்தோட நிப்பான். "வடக்குக் குன்றுல குண்டு தீர்ந்துபோச்சாம், மோன் ஜெனரால்." "சேமித்துப் பயன்படுத்தச் சொல்." "தீர்ந்தே போச்சாம், மோன் ஜெனரால்." "அப்படியானால் சேமிப்பது சுலபம்." எவ்வளவு டக்குன்னு பதில் பாருங்க! நான் தட்டிக்கு உள்ள நின்னு சிரிச்சுட்டேன். தனிஸ்லாஸ் சிரிக்கலை. அப்புறமா அடுப்படிக்கு வந்தான்.

"மச்சான், உன் அடுப்பை அணைச்சுடு"ன்னான்.

"ஏன் மாப்பிள்ளை?"

"அந்தத் தண்ணி சூடா இருக்கிற வரைக்கும் அந்த ஆள் எழுந்திருக்கப் போறதில்ல. குன்று மேல நம்ம பசங்க இருக்காங்க."

"மூத்த அதிகாரியை அந்த ஆள்னு சொல்லாதே"ன்னு கண்டிச்சேன். இன்னும் ரெண்டு கட்டை வச்சேன். என் வேலை அது. அவனவன் அவனவன் வேலையைச் செஞ்சா பட்டாளம் நடக்கும்.

குன்று போயிடுச்சு. அடுத்து ரேடியோக் குடிசை மேலயே குண்டு விழுந்தது. தனிஸ்லாசுக்கு இடது கால்ல அடி. எலும்பு தெரிஞ்சது. ஜெனரால் அன்னைக்கு அருமையான ஒரு பேச்சு எழுதினார். "பான் லியூவைக் கடைசி மனிதன் வரை காப்போம்." எல்லாரையும் வரிசையா நிறுத்திப் படிச்சார். கண்ணுல தண்ணி வந்துடுச்சு எனக்கு. படிச்சு முடிச்சதும் என்னைக் கூப்பிட்டு, "ழோசெப், பெட்டியைக் கட்டு"ன்னார். தலைமை அலுவலகத்துல அவர் யோசனை அவசரமா தேவைப்படுதாம். கடைசி மனிதன் கோட்டையில இருப்பான், அவர் யோசனை தலைமை அலுவலகத்துல இருக்கும். ரெண்டும் வேணும்ல?

கடைசியா ஒரு டக்கோட்டா விமானம் இறங்குச்சு. மேடும் பள்ளமுமா மண் ஓடுபாதை. ஓரத்துல காயம்பட்டவங்களை ஸ்ட்ரெச்சர்ல வரிசையா வச்சிருந்தாங்க. முன்வரிசையில தனிஸ்லாஸ். எஞ்சினை நிறுத்தலை. புழுதின்னா புழுதி. ஜெனரால் ஏறினார், பெட்டிங்க ஏறுச்சு, தொட்டி ஏறுச்சு. பைலட் சின்னப் பையன், தொப்பிகூட இல்லாம வெளிய தலையை நீட்டி, தொட்டியைக் காட்டி என்னமோ கத்தினான். எஞ்சின் சத்தம், என் காதுல விழலை. ஜெனரால் ஒரு வார்த்தை சொன்னார், அவன் தலை உள்ள போயிடுச்சு. காயம்பட்டவங்கள்ல சிலபேரை ஏத்தினாங்க. அப்புறம் இடமில்லைன்னுட்டாங்க.

நான் மட்டும் கீழ நிக்கிறேன். சரி, நம்ம கதை இங்கதான்னு நினைச்சேன். அப்போ ஜெனரால் வாசல்ல வந்து நின்னு, "ழோசெப்!"னு கூப்பிட்டார். அவரே கூப்பிட்டார் தம்பி! அத்தனை பேர் நடுவுல! ஏறினேன். உட்கார இடமில்ல. தொட்டிக்குள்ள உட்காருன்னார். தொட்டிக்குள்ளயே உட்கார்ந்துதான் வந்தேன், முழங்காலைக் கட்டிக்கிட்டு. எந்தச் சொல்தாவுக்குக் கிடைச்சிருக்கு அந்த மரியாதை?

ஏறும்போது தனிஸ்லாஸ் படுத்தபடியே கையைத் தூக்கினான். வாய் அசைஞ்சது. என்னமோ சொன்னான். எஞ்சின் சத்தம்தான் சொன்னேனே. நானும் கையை ஆட்டினேன்.

பான் லியூ அன்னைக்குச் சாயங்காலமே விழுந்துடுச்சு. ஜெனராலுக்கு மூணாவது நட்சத்திரம் வந்தது. தனிஸ்லாசைக் காணாமப் போனவங்க கணக்குல சேர்த்தாங்க. உடம்பும் கிடைக்கலை, கைதிங்க திரும்பி வந்தப்போ அதுலயும் அவன் இல்ல. நான் ஊருக்கு வந்ததும் பெர்னதேத்து கைப்பிள்ளையோட ஓடி வந்து கேட்டா, "அண்ணா, அவரைக் கடைசியா நீங்கதானே பார்த்தீங்க. என்ன சொன்னார்?" "முன்வரிசை ஸ்ட்ரெச்சர்ல படுத்தபடியே வீவ் லா பிரான்ஸ்னு சொன்னாம்மா"ன்னேன். பிரான்ஸ் வாழ்கன்னு. சொல்தா வேற என்ன சொல்லியிருப்பான்? அதைக் கேட்டுட்டு அவ அழக்கூட இல்ல. தாலியையும் கழட்டலை, கலர் புடவையையும் விடலை. காணோம்னுதானே சொல்லியிருக்காங்க, செத்தார்னு சொல்லலையேன்னு சொல்வா. கன்னியாஸ்திரிங்க நடத்தின எம்பிராய்டரிக் கூடத்துல வேலைக்குப் போனா. பிள்ளை ரொசாலியை வளர்த்தா. இருபது வருஷத்துக்கு மேல அப்படியே போச்சு. எங்களுக்குள்ள ஒரு சண்டை கிடையாது. ஒரே அடுப்பு, ஒரே சாப்பாடு.

எழுபத்தி நாலுல ஜெனரால் வந்தார்.

சும்மா இல்ல, இந்த வீட்டுக்கே வந்தார். வயசான பிரெஞ்சுக்காரங்க கூட்டமா ஊர் சுத்திப் பார்க்க வர்றாங்க, அதுல கெர்வலான்னு ஒருத்தர்னு ஓட்டல்ல வேலை பார்த்த பையன் சொன்னான். நான் நாலு நாள் தூங்கலை. சாமியானா போட்டேன், பேண்டு வச்சேன். நம்ம சொல்தாங்களையெல்லாம் மெடல் மாட்டிக்கிட்டு வரச் சொன்னேன். வாத்துக் கறி, அவருக்குப் பிடிச்ச மாதிரி ஆரஞ்சுச் சாறு ஊத்தி. ஓட்டலுக்கே போய் அவர் சம்சாரம் மதாம்கிட்ட கெஞ்சிக் கூத்தாடிக் கூட்டிட்டு வந்தேன். ரெண்டாவது மதாம். நல்ல மனுஷி.

ஜெனரால் அரைக்கால் சட்டையும் ஓலைத் தொப்பியுமா ரிக்‌ஷாவுல வந்து இறங்கினார். முழங்கால் ரெண்டும் வீங்கிப்போய் இருந்தது. பேண்டுக்காரன் அவங்க தேசிய கீதத்தை ஆரம்பிச்சுட்டு நடுவுல கல்யாணப் பாட்டுக்குத் தாவிட்டான். அதுக்கும் ஜெனரால் விறைப்பா நின்னார். என்னைப் பார்த்தார். நான் சல்யூட் அடிச்சேன். "யார் இது?"ன்னு மதாமைக் கேட்டார். "ழோசெப், மோன் ஜெனரால்!" "ஆ, ழோசெப்! உயரமாக இருந்தாயே." நான் எப்பவும் இந்த உயரம்தான். இருந்தாலும் ஞாபகம் வச்சிருந்தார் பாருங்க.

இதே நாற்காலியிலதான் உட்கார்ந்தார். விசிறிட்டு இருக்கேன், உள்ளருந்து பெர்னதேத்து வந்துட்டா. நான் கூப்பிடலை. கல்யாணப் பட்டுப் புடவையைக் கட்டிக்கிட்டு, தாலியை வெளிய எடுத்துப் போட்டுக்கிட்டு, பக்கத்துல ரொசாலி. நேரா ஜெனரால் எதிர்ல வந்து நின்னா.

"அண்ணா, அவர்கிட்ட கேளுங்க. நீங்க எல்லாரும் கிளம்பும்போது என் வீட்டுக்காரர் உயிரோட இருந்தாரான்னு."

வீட்டுக்கு வந்த விருந்தாளிகிட்ட கேக்குற கேள்வியா தம்பி? நான் பிரெஞ்சுல சொன்னேன்: "நீங்க வந்தது எங்க வீட்டுக்குச் சூரியன் வந்த மாதிரி இருக்குன்னு என் தங்கச்சி சொல்றா, மோன் ஜெனரால்."

"ஆமாம், இந்த ஊர் வெயில் தாங்க முடியவில்லை"ன்னார்.

நான் தமிழ்ல சொன்னேன்: "தனிஸ்லாஸ் சூரியன் மாதிரி இருந்தான்னு சொல்றார்மா."

அவ என்னையே ஒரு நிமிஷம் பார்த்தா. "எந்த இடத்துல விட்டுட்டு வந்தார்னு கேளுங்க. ஒரு சிலுவை நடுறதுக்காவது இடம் தெரியணும்."

"உங்க உடம்பு எப்படி இருக்குன்னு கேக்கிறா, மோன் ஜெனரால்."

"இடது முழங்கால்தான். குளிர் வந்தால் உயிர் போகிறது."

"இடது கால்லதான் அடியாம்மா. குளிர்லகூட கலங்காம இருந்தானாம்."

எவ்வளவு பக்குவமா கொண்டு போனேன் பாருங்க. ரெண்டு பேர் மனசும் நோகாம. இதுவே வேற யாராவது மொழிபெயர்த்திருந்தா ரசாபாசம் ஆகியிருக்கும். ஆனா ஜெனராலுக்குக் கொட்டாவி வந்துடுச்சு, மதாம் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறாங்க. வாத்து இன்னும் இலைக்கு வரலை. எழுந்துட்டார்னா என்ன பண்றது? அவரைச் சந்தோஷப்படுத்தணும்னுதான் சொன்னேன். "மோன் ஜெனரால், பான் லியூ! குளியல் தொட்டி!"

அவ்வளவுதான். முகம் பளிச்சுன்னு ஆயிடுச்சு. இருபது வயசு குறைஞ்ச மாதிரி. மதாம் பக்கம் திரும்பி மடமடன்னு சொல்றார். "நம் தோட்டத்தில் பூச்செடி வைத்திருக்கிறாயே, அந்தத் தொட்டிதான்! அதை நான் எப்படிக் காப்பாற்றினேன் தெரியுமா? அந்த விமானி ஒரு முட்டாள். அதை இறக்கிவிட்டால் முன்னால் இருக்கிற ரெண்டு ஸ்ட்ரெச்சரை ஏற்றலாம் என்று கத்தினான். நான் சொன்னேன், காயம்பட்டவர்கள் தினமும் கிடைப்பார்கள், இப்படி ஒரு தொட்டியை இப்போது யார் செய்கிறார்கள்?" சொல்லிட்டுச் சிரிச்சார். மதாம் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். ஜெனரால் சிரிக்கும்போது கூடச் சிரிக்கணும், அது பழக்கம்.

"என்ன சொல்றார்?"னு ரொசாலி கேட்டா.

"உங்க அப்பாவைப் பத்திதாம்மா பெருமையா சொல்றார்"ன்னேன்.

அப்போ பெர்னதேத்து வாயைத் திறந்தா. பிரெஞ்சுல. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவளுக்கு ஜெபம் மட்டும்தான் பிரெஞ்சுல தெரியும்னு நான் நினைச்சிட்டிருந்தேன். அத்தனை வருஷம் அந்தக் கன்னியாஸ்திரிங்க கூட இருந்து கத்துக்கிட்டிருக்கா, அண்ணன்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலை! நான் சொன்ன அத்தனை மொழிபெயர்ப்பையும் சும்மா கேட்டுக்கிட்டு நின்னிருக்கா. எவ்வளவு அழுத்தம் பாருங்க.

சத்தம் போடலை. அமைதியாத்தான் சொன்னா. "அந்த ரெண்டு ஸ்ட்ரெச்சர்ல ஒண்ணுல படுத்திருந்தவர் என் வீட்டுக்காரர், முசே. அவர் ரொம்ப ஒல்லி."

மதாம் சிரிப்பு நின்னுபோச்சு. ஜெனரால் அவளை மேலயும் கீழயும் பார்த்தார். பிறகு தொப்பியை எடுத்துத் தலையில வச்சுக்கிட்டு எழுந்தார். என்ன சொன்னார் தெரியுமா? அங்கதான் அவரோட பெருந்தன்மை. வேற ஆளா இருந்தா கோபப்பட்டிருப்பான். இவர், "இந்த மதாம் ரொம்ப அழகாகப் பிரெஞ்சு பேசுகிறார். உச்சரிப்பு சுத்தம்"னார். போய் ரிக்‌ஷாவுல ஏறிட்டார். வாத்தைத் தொடவே இல்ல.

சொல்தாங்க ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கிட்டாங்க. பேண்டுக்காரன் மறுபடி ஆரம்பிக்கப் பார்த்தான், யாரோ நிறுத்திட்டாங்க. ஒவ்வொருத்தரா எழுந்து போனாங்க. போகும்போது எல்லாரும் பெர்னதேத்துகிட்ட தலையை அசைச்சுட்டுப் போனாங்க. பந்தல் போட்டது நான், சொல்லிக்கிட்டது அவகிட்ட.

எனக்குக் கோபம் வராதா? "என்ன காரியம் பண்ணிட்டே! என் உயிரைக் காப்பாத்தின மனுஷன் அவர்!"னு கத்தினேன். அவ திருப்பிக் கேள்விதான் கேட்டா.

"அண்ணா, அவர் நிஜமாவே வீவ் லா பிரான்ஸ்னு சொன்னாரா?"

"சொன்னான்"னேன்.

உள்ள போயிட்டா. அதுதான் அவ என்கூடக் கடைசியா பேசினது. அதே வாரம் கொத்தனாரைக் கூட்டிட்டு வந்துட்டா.

மறுநாள் காலையில நான் என்ன பண்ணேன்னா, வாத்தை நல்லா சுட வச்சு, டிபன் கேரியர்ல அடுக்கி, பழைய யூனிபாரத்தைப் போட்டுக்கிட்டு ஓட்டலுக்குப் போனேன். அவர் மனசு எவ்வளவு புண்பட்டிருக்கும்? கேட்டுல இருந்தவன், ஜெனரால் தூங்குறார்னான். பரவாயில்ல, காத்திருக்கேன்னேன். வாசல்லயே நின்னேன். வெயில் ஏறிட்டிருந்தது.

அப்போ மாதா கோயில்ல துக்க மணி அடிச்சாங்க. நான் கெப்பித் தொப்பியைக் கழட்டிக் கக்கத்துல வச்சுக்கிட்டு, கேரியரைக் கீழ வைக்காம அட்டென்ஷன்ல நின்னேன். தெருவுல யாரோ கிழடு கட்டை போயிடுச்சு போலன்னு நினைச்சேன். வீட்டுக்குப் போன பிறகுதான் தெரிஞ்சது, அந்த மணி தனிஸ்லாசுக்குன்னு. பெர்னதேத்து விடியக்காலையிலேயே சாமியார்கிட்ட போய் இறந்தவங்க பூசைக்குச் சொல்லியிருக்கா. தாலியைக் கழட்டிப் பீடத்துல வச்சிட்டு, வெள்ளைப் புடவையில முழங்கால் போட்டிருந்தாளாம். ரொசாலி பக்கத்துல. தெருவே போயிருந்ததாம். எல்லா சொல்தாவும், மெடலோட. என்கிட்ட ஒருத்தனும் சொல்லலை.

என்ன தம்பி பார்க்கிறீங்க? தெரிஞ்சிருந்தா போயிருப்பேனான்னா?

போகாம எப்படி? என் மாப்பிள்ளைதானே. ஆனா நீங்களே சொல்லுங்க, அந்த நேரத்துல வாசலை விட்டு நகர முடியுமா? ஜெனரால் எந்த நிமிஷமும் இறங்கி வந்திருக்கலாமே.